அசையாத நாலு புள்ளி இரண்டு

ஆம்பூர்
9 ஜூன் 2025

மரியே வாழ்க!

பிரியமுள்ள அண்ணா,

இங்கே அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சுகம். ஏற்காட்டுக் குளிரில் உன் சளி எப்படி இருக்கிறதோ என்று அம்மா தினமும் செபமாலை முடிந்ததும் ஒரு தடவை புலம்பிவிட்டுத்தான் படுக்கிறாள். நவதுறவகத்தில் ஒரு வருடம் போன் கிடையாது, கடிதம்தான் என்று நீ சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது பேனா பிடித்து விரல் வலிப்பது எனக்குத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் லேப்டாப் என்னைப் படுத்துகிறது. தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட்டில் எங்கள் லேப் ஜன்னலோரம் நீ லினக்ஸ் போட்டு வைத்துவிட்டுப் போனாயே, கழிவுநீர்க் கிணற்றின் கேஸ் மீட்டர் ஒயர் வந்து சேரும் அதே கறுப்புப் பெட்டிதான். வாரத்தில் இரண்டு நாள் ஹேங் ஆகிறது. மவுஸ் அசையாது, மூலையில் கடிகாரம் நின்றுவிடும், பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். நீ இங்கே வேலை பார்த்த மூன்று வருடத்தில் ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. நீ சாமியாராகப் போய் நாற்பது நாள்தான் ஆகிறது, அதற்குள் அதுவும் தியானத்தில் உட்கார்ந்துவிட்டது.

பிளான்ட் சட்டம் உனக்குத் தெரியும். திரையில் கேஸ் எண் பத்துக்குக் கீழே இருந்தால் கிணற்றில் ஆள் இறங்கிச் சேற்றையும் தோல் மயிரையும் வாரலாம். பத்துக்கு மேலே போனால் கூடாது. லேப்டாப் நின்றுபோனாலும் கூடாது. இதனால் கிணற்றில் சேறு ஏறிக்கொண்டே போகிறது. மேனேஜர் பெருமாள் சார், "உங்கண்ணன் வச்ச பொட்டி, உங்கண்ணனையே கேளும்மா" என்கிறார். கேட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு வேலை எப்போதும் போலத்தான். உடனே பதில் போடு.

உன் தங்கை
நிஷா

*

நவதுறவகம், ஏற்காடு
18 ஜூன் 2025

இயேசுவில் பிரியமுள்ள தங்கை நிஷாவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. இங்கே தபாலைச் சனிக்கிழமைதான் பிரித்துத் தருவார்கள். சளி விட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொல். காலை நாலரைக்கு எழுப்பி விடுகிறார்கள். மதியம் காபிச் செடிகளுக்கு மண் அணைக்கிறேன். கையெல்லாம் காய்த்துவிட்டது.

லேப்டாப்புக்காகப் பதறாதே. முதலில் அடியில் உள்ள காற்றுத் துளைகளைப் பார். சுண்ணாம்புத் தூள் அடைத்துக்கொண்டு விசிறி திணறும். சூடேறினால் எந்தக் கம்ப்யூட்டரும் நிற்கும். பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடு. அடுத்து, பவர் பட்டனை அமுக்கிக் கொல்லாதே, பதிவு கெட்டுவிடும். ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஆர், ஈ, ஐ, எஸ், யு, பி என்று ஒவ்வொன்றாக, இடையில் மூச்சு விட்டு மூச்சு விட்டு அழுத்து. மரியாதையாகத் தானே அணைந்து எழுந்துகொள்ளும். அடுத்த தடவை திரை மந்தமாகும்போதே டெர்மினலில் 'டாப்' என்று அடித்து, எது நினைவகத்தை அதிகம் தின்கிறது என்று பார்த்து எழுது.

அப்பா கேட்டில் நிழலில்தானே உட்காருகிறார்? அவர் கிணற்று வேலையை விட்டுக் கேட் வாட்ச்மேன் ஆனதுதான் நான் அந்தப் பிளான்ட்டில் உழைத்ததற்குக் கிடைத்த ஒரே பலன்.

செபத்தில் உங்களை நினைக்கும்
இன்பராஜ்

*

ஆம்பூர்
30 ஜூன் 2025

மரியே வாழ்க!

அன்பு அண்ணா,

எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, தைலம் தேய்க்கிறேன்.

நீ சொன்னபடி தூள் தட்டினேன். ஒரு டம்ளர் நிறைய வந்தது. பெட்டி இப்போது சூடாவதே இல்லை, ஆனாலும் நிற்கிறது. ஆர், ஈ, ஐ வித்தை நன்றாக வேலை செய்கிறது. உமைமா அதற்கு 'இன்பராஜ் செபம்' என்று பெயர் வைத்திருக்கிறாள். உமைமாவை உனக்குத் தெரியாது, நீ போனபின் சேர்ந்தவள், வாணியம்பாடிப் பெண், கம்ப்யூட்டர் டிப்ளமா.

வெள்ளிக்கிழமை 'டாப்' அடித்துப் பார்த்தோம். 'ரீடர் 2' என்ற ஒரே பெயர் வரிசையாக இருபத்தெட்டு தடவை. எண்ணிக்கொண்டிருக்கும்போதே இருபத்தொன்பது ஆனது. "இன்னாது நிஷா இது, ஒரே பேரு இத்தினி வாட்டி? குட்டி போடுதா?" என்றாள் உமைமா. அப்புறம் நின்றுவிட்டது. ரீடர் 2 என்பது என்ன அண்ணா?

இன்னொன்று கவனித்தேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள்தான் நிற்கிறது. அந்த இரண்டு நாளும்தான் தோல் தொழிற்சாலைகளில் சுண்ணாம்புத் தொட்டி திறந்துவிடுகிறார்கள். தண்ணீருக்கும் லேப்டாப்புக்கும் என்ன சம்பந்தம்?

அப்பா கழுத்தில் இருக்கும் வெள்ளிச் சிலுவை கறுத்துக் கறுத்துப் போகிறது. அம்மா ஞாயிறுதோறும் பல்பொடி போட்டுத் தேய்த்துக் கொடுக்கிறாள். உன் சிலுவை அங்கே பளபளவென்று இருக்கும்.

நிஷா

*

ஏற்காடு
19 ஜூலை 2025

இயேசுவில் பிரியமுள்ள நிஷாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். தோட்ட வேலை, வகுப்புகள், வந்த விருந்தினர்கள் என்று நாட்கள் ஓடிவிட்டன. அம்மாவின் முழங்காலுக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுத்தேன்.

லேப்டாப்பில் நினைவகம் குறைவு. நாலு ஜி.பி. இந்தக் காலத்துக்குப் போதாது. இன்னொரு நாலு ஜி.பி. ராம் வாங்கி அடிப்பக்கத்து மூடியைக் கழற்றிப் போடுங்கள். கடையில் பழைய லேப்டாப்பையே காட்டி வாங்கு, மாடல் மாறினால் பொருந்தாது.

மழை இங்கே நிற்கவேயில்லை. மூடுபனியில் பக்கத்து மரம்கூடத் தெரிவதில்லை.

உன் அண்ணன்
இன்பராஜ்

*

ஆம்பூர்
27 ஜூலை 2025

அன்பு அண்ணா,

சுகம், சுகமறிய ஆவல். அம்மா முழங்கால் பரவாயில்லை.

ராம் போட்டோம். பலன் கேள்: அரை மணியில் நின்றது இப்போது ஒரு மணியில் நிற்கிறது. வயிறு பெரிதானால் நிரம்ப நேரமாகும், அவ்வளவுதான். நிமிஷத்துக்கு ஒன்றாக ரீடர் 2 பெருகுவது நிற்கவில்லை. அது என்ன என்று போன கடிதத்திலேயே கேட்டேன். மூடுபனி பற்றி எழுதியிருக்கிறாய், அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டாயா, இல்லை பதில் சொல்லப் பிடிக்கவில்லையா?

பெருமாள் சார் பேஜார் தாங்க முடியவில்லை. ஏழு வாரமாகக் கிணறு சரியாக வாரவில்லை. வலைக் கம்பியில் மயிரும் சதையும் பாய் போலப் படிந்துவிட்டது. பம்ப் வைத்து எடுக்க வேண்டியதை ஆள் வைத்து எடுக்கிறார், அதற்கும் இந்தப் பெட்டி குறுக்கே நிற்கிறது என்று கத்துகிறார். அடுத்த வாரம் சென்னையிலிருந்து ஆள் வரவழைத்து, உள்ளே இருக்கிற ஃபைல் ஒன்று விடாமல் பிரித்துப் பார்க்கச் சொல்லப்போகிறாராம். எனக்கும் அதுதான் நல்லது என்று படுகிறது.

நிஷா

*

ஏற்காடு
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள நிஷா,

சுகம். உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது, இன்றைய தபாலிலேயே பதில் போடுகிறேன்.

சென்னை ஆட்கள் வேண்டாம். தெரியாமல் எதையாவது அழித்துவிடுவார்கள். இன்பராஜே சரி செய்து தருகிறான் என்று பெருமாள் சாரிடம் சொல், அவருக்குப் புரியும். இத்துடன் தனித்தாளில் ஏழு வரி எழுதியிருக்கிறேன். இடைவெளி, புள்ளி, கோடு எதுவும் மாறாமல் அப்படியே டெர்மினலில் அடி. ஒவ்வொரு வரிக்குப் பின்னும் என்டர். கடைசி வரி முடிந்ததும் 'இன்பராஜ் செபம்' ஒரு தடவை. அதோடு ஹேங் ஆவது நின்றுவிடும்.

ரீடர் 2 பழைய வேலை. அதைத் திறந்து பார்க்க வேண்டாம்.

அப்பா கேட்டில் இருக்கிறார் என்பதே எனக்கு நிம்மதி.

இன்பராஜ்

*

ஆம்பூர்
25 ஆகஸ்ட் 2025

மரியே வாழ்க!

அண்ணா, உன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்!

முதல் தடவை ஐந்தாவது வரியில் ஒரு இடைவெளி விட்டுப் பெட்டியிடம் திட்டு வாங்கினேன். இரண்டாவது தடவை சரியாக அடித்தேன். அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு மேலாகிறது, பெட்டி ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. பெருமாள் சார் எல்லோருக்கும் மக்கன் பேடா ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். "சாமியாரா போயும் நம்ம பையன் நம்ம பையன்தான்" என்றார். கிணற்று வேலை மறுபடி மும்முரமாக நடக்கிறது.

நன்றாக இருக்கும்போது கேட்கக் கூடாதுதான், இருந்தாலும் கேட்கிறேன். திங்கட்கிழமையில் எண் மூன்று புள்ளி ஒன்பது, நாலு புள்ளி ஒன்று என்று ஊசலாடுகிறது. செவ்வாய், வெள்ளியில் மட்டும் நாலு புள்ளி இரண்டு என்றால் மதியம் வரை நாலு புள்ளி இரண்டுதான். அசைவதே இல்லை. அதே இரண்டு நாளும்தான் என் வெள்ளிக் கொலுசு கறுக்கிறது. இது எப்படி?

அம்மா உனக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். பச்சை நிறம், தப்பித்துக்கொள்ள முடியாது.

நிஷா

*

ஏற்காடு
21 செப்டம்பர் 2025

இயேசுவில் பிரியமுள்ள நிஷாவுக்கு,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் மன்றாடுகிறேன். உன் கடிதத்தை மூன்று வாரமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

கையில் பிடித்துப் பார்க்கும் கேஸ் மீட்டர் ஒன்று வாங்கச் சொல். லேப்டாப் பாட்டுக்கு லேப்டாப் இருக்கட்டும். ஆள் இறங்குமுன் கயிற்றில் அதைக் கட்டி இறக்கிப் பார்க்கச் சொல். இதை நான் சொன்னதாகச் சொல்லாதே, நீயே கேட்பது போலக் கேள்.

இப்போது கிணற்றில் இறங்குவது யார் யார்? அப்பா கேட்டில்தானே இருக்கிறார்? நீ அவரைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதுவதேயில்லை.

இன்பராஜ்

*

ஆம்பூர்
6 அக்டோபர் 2025

மரியே வாழ்க!

அன்பு அண்ணா,

சுகம் என்று எழுதிவிட்டு இதை எழுதுகிறேன். இத்தனை நாள் மறைத்ததற்குக் கோபப்படாதே.

அப்பா கேட்டில் இல்லை. நீ மலைக்குப் போன மறு வாரமே கேட்டை ஒரு செக்யூரிட்டி கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்பாவை மறுபடி கிணற்றுக்கு அனுப்பிவிட்டார்கள். "புள்ளைக்கு எழுதாதீங்க, அவன் பாதியில எறங்கி வந்துடுவான், கடவுள் வேல கெட்டுடும்" என்று எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார். பெட்டி நின்ற நாளெல்லாம் மேலே சும்மா உட்கார்ந்திருந்தார். நீ சரி செய்த பிறகுதான் தினமும் இறங்குகிறார்.

கை மீட்டர் கேட்டேன். "லேப்டாப் நல்லாதானம்மா ஓடுது, அதுக்கு மேல இன்னாத்துக்கு?" என்கிறார் சார். இதுவரை பாதிக் கிணறு வரைதான் இறங்கினார்கள், மழை பிடிக்குமுன் அடிவரை வார வேண்டுமாம். வருகிற 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை அப்பாவும் செல்வகுமாரும் இறங்குகிறார்கள். செல்வகுமார் உன்னோடு கேரம் ஆடுவானே, அவன்தான். அந்த அசையாத எண்ணை ஒரு நாளைக்குப் பத்து தடவை எட்டி எட்டிப் பார்க்கிறேன். ஆனால் சரி செய்தது நீ. அதை நினைத்துத்தான் தைரியமாக இருக்கிறேன்.

17க்கு முன் ஒரு வரி பதில் போடு.

நிஷா

*

ஏற்காடு
18 அக்டோபர் 2025

நிஷா,

பத்தாம் தேதியிலிருந்து நேற்று வரை எங்களுக்கு எட்டு நாள் மௌனத் தியானம். தபால் தரவில்லை. உன் கடிதம் இன்று மதியம் கைக்கு வந்தது. நேற்று வெள்ளிக்கிழமை.

ஆபீஸில் போன் இருக்கிறது. அவசரம் என்றால் தருவார்கள். கேட்டு வாங்கினேன். உன் போன் அணைந்திருந்தது. அப்பாவுடையது அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொரு தடவை அடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் போனை ஆகஸ்டிலேயே கேட்டிருக்கலாம். என்ன அவசரம் என்று கேட்பார்களே, அதற்குப் பயந்துதான் கேட்கவில்லை.

ரீடர் 2 நான் எழுதியது. பதிவில் பத்துக்கு மேல் ஓர் எண்கூட இருக்கக் கூடாது, அதிகாரிகள் வந்தால் பிளான்ட்டை மூடிவிடுவார்கள் என்றார் பெருமாள் சார். "இத மட்டும் செஞ்சி குடு, உங்கப்பன நாளைக்கே கேட்ல உக்கார வைக்கிறேன்" என்றார். நான் செய்து கொடுத்தேன். எண் பத்தைத் தாண்டினால் கடைசியாக வந்த நல்ல எண்ணையே திரையும் பதிவும் திரும்பத் திரும்பக் காட்டும். நிமிஷத்துக்கு ஒரு நகல் ஓடும். ஓடியதை நிறுத்த நான் எழுதவில்லை, சாயங்காலம் நானே கையால் துடைப்பேன். கேஸ் ஏறிய நாட்களில் ஜன்னலில் நின்று, இன்னிக்கு இறங்காதீங்க என்று வாயால் சொல்லிவிடுவேன். அது போதும் என்று நினைத்தேன்.

நான் போனதும் நகல்கள் குவிந்து பெட்டி நின்றது. கேஸ் ஏறிய நாளில்தான் நின்றது. அது நின்றதால்தான் யாரும் இறங்கவில்லை. உன் ஜூன் மாதக் கடிதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சார் என்னை மிரட்டத்தான் சென்னை ஆட்கள் என்றாரோ என்னவோ, அவர்கள் என் பெயரைப் பார்த்துவிடுவார்கள் என்று பயந்து அந்த ஏழு வரியை அனுப்பினேன். அது பழைய நகலை அழிக்கும், அவ்வளவுதான். இப்போது பெட்டி நிற்காமல் பொய் சொல்லும்.

வெள்ளியைக் கறுக்க வைப்பது கிணற்று கேஸ்தான்; சிலுவை கறுக்கிறது என்று நீ எழுதியபோதே அப்பா கேட்டில் இல்லை என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

அப்பா எப்படி இருக்கிறார்? அது மட்டும் எழுது.

இன்பராஜ்

*

ஆம்பூர்
26 அக்டோபர் 2025

அண்ணா,

அப்பா உயிரோடு இருக்கிறார். செல்வகுமார் இல்லை.

அன்று காலை ஏழு மணிக்கு அழுகிய முட்டை வாடை குமட்டியது. பத்து மணிக்கு வாடையே இல்லை. "வாசன போய்டுச்சிம்மா, எறங்கலாம்" என்றான் செல்வகுமார். வாடை போனால் கேஸ் போய்விட்டது என்பதுதான் இங்கே எல்லோருடைய நம்பிக்கை. கேஸ் ஜாஸ்தியானால் முதலில் சாவது மூக்குதான் என்று நான் பி.எஸ்ஸியில் படித்திருக்கிறேன். அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை. திரையில் நாலு புள்ளி இரண்டு இருந்தது.

செல்வகுமார் முதலில் இறங்கினான். அப்பா மேலே கயிற்றோடு நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை, பதிவைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். எட்டு நாற்பதிலிருந்து ஒவ்வொரு நிமிஷமும் நாலு புள்ளி இரண்டு. நான் ஓடும்போதே அவன் விழுந்திருந்தான். அப்பா அவனைத் தூக்க ஏணியில் இறங்கியிருந்தார், அவர் தலை மட்டும்தான் வெளியே தெரிந்தது. நானும் உமைமாவும் சட்டையைப் பிடித்து இழுத்தோம், சட்டை கிழிந்தது, மயிரைப் பிடித்து இழுத்தோம். வேலூரில் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நீ போன் செய்தபோது என் போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அப்பாவுடையது கிணற்று மேட்டில் கிடந்தது.

செல்வகுமார் மனைவி விஜயகுமாரிக்கு இது ஏழாம் மாதம். செல்வகுமாரைக் குளிப்பாட்டும்போது அவன் வெள்ளி அரைஞாண் கறுத்திருந்ததைப் பார்த்து, "இத நேத்திக்குதான வெளக்கினேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அண்ணன் என்ன எழுதியிருக்கிறான் என்று அம்மா கேட்டாள். சளி இல்லையாம் என்றேன். நான் உன்னை நினைத்து அழவில்லை, அந்த ஏழு வரியை என் விரலால் அடித்ததை நினைத்து அழுதேன். ஒரு இடைவெளி தவறியபோதே நான் விட்டிருக்கக் கூடாதா?

லேப்டாப்பில் கடைசியாகக் கை வைத்தது லேப் பெண்தான் என்று பெருமாள் சார் போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நவம்பர் 5 விசாரணை. உன் கையெழுத்தில் உள்ள அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் நகல் எடுக்கவில்லை. கிழிப்பதோ கொண்டுவருவதோ உன் விருப்பம்.

அப்பாவுக்கு இன்னும் பேசினால் இருமல் வருகிறது. இருமிக்கொண்டே, பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "எம் புள்ள மட்டும் இங்க இருந்திருந்தா, அந்தப் பொட்டி இப்டி பொய் சொல்லியிருக்குமா?"

நிஷா

*

ஏற்காடு
1 நவம்பர் 2025

நிஷா,

தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது. நவதுறவக இயக்குநர் அருட்தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அங்கியை மடித்துக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் சேலம் இறங்கி ரயில் பிடிக்கிறேன். இந்தக் கடிதம் எனக்கு முன் வந்து சேர, இன்றே அந்தப் பக்கம் வரும் ஒருவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். முதலில் வீடு, பிறகு விஜயகுமாரி வீடு, ஐந்தாம் தேதி விசாரணை.

அந்த ஜன்னலோரம் யாரையும் விடாதே. லேப்டாப்பை யாரும் அழிக்கக் கூடாது. கிணற்றுப் பக்கம் ஒருவரும் போகக் கூடாது.

அப்பாவிடம் நீ எதுவும் சொல்லாதே. வாசலில் என்னைப் பார்த்ததும், புள்ள வந்துட்டான், இனிமே எல்லாம் சரியாய்டும் என்பார். அதை அவர் சொல்லி முடிக்கட்டும். பிறகு நான் சொல்கிறேன். அப்போது நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்திரு.

இன்பராஜ்